100 கிராம் புளித்த மாவும் ஓர் ஆப்பிள் டார்ட்டும்

சவர்டோ ரொட்டியை எழுப்பும் புளித்த தாய்மாவான ஸ்டார்ட்டரை வளர்ப்பவர்கள் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்குப்பிள்ளைகள். ஸ்டார்ட்டருக்குப் புது மாவும் தண்ணீரும் கொடுக்கும்போதெல்லாம் பழையதில் ஒரு பங்கைக் கழித்தாக வேண்டும். கழிக்காமல் ஊட்டிக்கொண்டே போனால் ஜாடி போய்ப் பாத்திரம் வரும், பாத்திரம் போய் வாளி வரும். அப்படிக் கழிக்கிற மாவுதான் டிஸ்கார்ட். அதைக் கொட்ட மனம் வராமல்தான் பெரும்பாலானோர் பேஸ்ட்ரி பக்கம் வந்து சேர்கிறார்கள். ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் டிஸ்கார்டில் இருப்பது 50 கிராம் மைதாவும் 50 கிராம் தண்ணீரும். அந்த 50 கிராம் மைதாவைக் காப்பாற்ற, பேஸ்ட்ரி மாவில் பழத்தை வைத்துச் சுடும் ஆப்பிள் டார்ட் ஒன்றைச் செய்தால் 120 கிராம் வெண்ணெய், முக்கால் கிலோ ஆப்பிள், சர்க்கரை, பாதாம், அதோடு ஒன்றே கால் மணி நேரம் எரியும் ஓவன். இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிஸ்கார்டில் பேஸ்ட்ரி செய்ய இதைவிட நல்ல காரணம் இருக்கிறது. புது மாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்த பேஸ்ட்ரியைவிட அது ருசியாக இருக்கிறது. விரிப்பதற்கும் எளிதாக இருக்கிறது. குப்பைக்குப் போக வேண்டியது தப்பித்தது என்ற திருப்தியை ஓரமாக வைத்துவிட்டால், அந்த மாவை வேறு கண்ணால் பார்க்கலாம். அது மிச்சம் மீதி அல்ல, ஒரு சேர்மானம். வெண்ணெயை எப்படிப் பார்த்து வாங்குகிறோமோ, ஆப்பிளை எப்படித் தேர்ந்தெடுக்கிறோமோ, அதே கவனத்துடன் டிஸ்கார்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை நாள் பழையது, எங்கே இருந்தது, என்ன வாசனை அடிக்கிறது என்பதெல்லாம் டார்ட்டில் தெரியும்.

ஸ்டார்ட்டரில் காட்டு ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் சேர்ந்து வாழ்கின்றன. பாக்டீரியாக்களில் பெயர் பெற்றது 1971-இல் சான் பிரான்சிஸ்கோ ரொட்டிகளை ஆராய்ந்தபோது விவரிக்கப்பட்டது. அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஆனால் அது எங்கெங்கோ உள்ள ஸ்டார்ட்டர்களிலும் இருப்பது பின்னர் தெரிந்தது. ஈஸ்ட் வாயுவை உண்டாக்கி ரொட்டியை எழுப்புகிறது; பாக்டீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன. பேஸ்ட்ரியைப் பொறுத்தவரை ஈஸ்டுக்கு அநேகமாக வேலையே இல்லை. பசியோடு கிடக்கும் ஈஸ்டை வெண்ணெயில் புதைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் அது என்ன எழுப்பும்? டார்ட்டின் ஓரத்தில் தெரியும் அடுக்குகள் வெண்ணெயில் உள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்குவதால் வருபவை. நமக்கு வேண்டியது அந்தப் புளிப்பு.

பிரான்ஸில் இந்தப் புளிப்புக்குச் சட்ட அந்தஸ்தே உண்டு. 1993 செப்டம்பர் 13 தேதியிட்ட அரசாணைப்படி, 'பேன் ஓ லெவேன்', அதாவது ஸ்டார்ட்டரால் (பிரெஞ்சில் லெவேன்) புளிக்கவைத்த ரொட்டி, என்று சொல்லி விற்பதன் பி.எச். அளவு 4.3-ஐத் தாண்டக் கூடாது; பி.எச். குறையக் குறையப் புளிப்பு அதிகம். உள்பகுதியில் அசிட்டிக் அமிலம் பத்து லட்சத்தில் 900 பங்காவது இருக்க வேண்டும். மேலே எப்படிக் கீறியிருக்கிறது, உள்ளே எத்தனை துளை விழுந்திருக்கிறது என்பதை எல்லாம் விட்டுவிட்டு அமிலத்தை அளக்கச் சொன்ன அந்த அதிகாரிகள் மீது எனக்குத் தனி மரியாதை. லெவேன் என்பதன் உயிர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த அமிலம் நாக்குக்கு மட்டும் வேலை செய்வதில்லை. மாவில் இயல்பாகவே புரதத்தை வெட்டும் நொதிகள் உண்டு. புளிப்பு ஏற ஏற அவை சுறுசுறுப்பாகி, மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டனின் வலையைத் துண்டுதுண்டாக்கிவிடும். ஊட்டாமல் விட்ட ஸ்டார்ட்டர் முதலில் இழுபட்டுப் பிறகு கூழாகி ஓடுவது இதனால்தான். ரொட்டி சுடுகிறவருக்கு இது இழப்பு. டார்ட் சுடுகிறவருக்கோ இது வரம். பேஸ்ட்ரி மாவில் குளூட்டன் வலுத்தால் விரித்த வட்டம் சுருங்கிக்கொள்ளும், சுட்டபின் கடிக்க ரப்பராக இருக்கும். டிஸ்கார்ட் கொண்டுவரும் மாவில் அந்த வலு ஏற்கெனவே போய்விட்டது. விரித்தால் விரித்த இடத்தில் நிற்கிறது.

அளவில் ஓர் அழகான பொருத்தமும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் அடிப்படை டார்ட் மாவான 'பாத் பிரிஸே'வுக்குப் பழைய விகிதம் 200 கிராம் மாவு, 100 கிராம் வெண்ணெய், 50 கிராம் தண்ணீர். மாவும் தண்ணீரும் சம எடையில் ஊட்டப்பட்ட ஸ்டார்ட்டரில் 100 கிராம் எடுத்து 150 கிராம் மைதாவில் சேர்த்தால், மாவு 200, தண்ணீர் 50. சொட்டுத் தண்ணீர் தனியாகச் சேர்க்க வேண்டாம். வெண்ணெயை மட்டும் நான் 120 கிராமுக்கு உயர்த்திக்கொள்கிறேன், ருசிக்காக. ஐரோப்பிய விதிப்படி உப்பில்லாத வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும், நீர் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கையில் இருக்கும் வெண்ணெயில் நீர் அதிகம் என்றால் மாவு கொஞ்சம் ஒட்டும். ஒரு பிடி மைதா தூவினால் சரியாகிவிடும். ஸ்டார்ட்டரைக் கெட்டியாக வைத்திருப்பவர்கள் விகிதத்தை மறுபடி கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மைதாவோடு அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சிறு சதுரங்களாக வெட்டி மாவில் போட்டு, ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒருமுறை நசுக்கித் தகடாக்க வேண்டும். அவ்வளவுதான். ரவை போல உதிரும்வரை தேய்க்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு. அப்படித் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிரும் மாவு வரும், அடுக்கு வராது. இந்த டார்ட்டுக்கு எனக்கு அடுக்கு வேண்டும். பிறகு ஃபிரிட்ஜில் குளிர்ந்த டிஸ்கார்டை ஊற்றி, முள்கரண்டியால் கிளறி, திரண்டு வராதோ என்று தோன்றும் அந்தக் கட்டத்தில் பொறுமையோடு அழுத்திச் சேர்த்துவிட வேண்டும். பிசையக் கூடாது. சேர்ந்ததைச் செவ்வகமாகத் தட்டி, இரண்டாக மடித்து, மறுபடி தட்டி மறுபடி மடித்தால் போதும். வெண்ணெய்த் தகடுகள் அடுக்கடுக்காக உட்கார்ந்துவிடும்.

குளிர்ச்சிதான் இதில் முக்கியம். வெண்ணெய் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகத் தொடங்குகிறது. அதற்கு வெகு முன்பே மாவுக்குள் மசிந்துவிடும். மசிந்த வெண்ணெயை மறுபடி குளிரவைத்தாலும் தகடு திரும்பி வராது. கை சூடாக உள்ளவர்கள் பாத்திரத்தையும் மாவையும் கால் மணி நேரம் ஃபிரீசரில் வைத்துவிட்டுத் தொடங்கலாம். திரட்டிய மாவு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரமாவது ஓய்வெடுக்கட்டும். ஓர் இரவு இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் புதிதாகச் சேர்த்த 150 கிராம் மைதாவும் கொஞ்சம் புளிப்பு ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் பல நாள் போனால் மாவு சாம்பல் நிறமாகத் தொடங்கும். அப்போது ஃபிரீசர்தான் இடம்.

டிஸ்கார்டின் வயது பற்றிச் சொல்லியாக வேண்டும். புதிதாகத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத ஸ்டார்ட்டரில் கழித்ததைச் சமையலில் சேர்க்காதீர்கள்; வேண்டாத பாக்டீரியாக்களைப் புளிப்பு இன்னும் விரட்டியிருக்காது. நிலைபெற்ற ஸ்டார்ட்டர் என்றால், ஃபிரிட்ஜில் சில நாள் முதல் ஒரு வாரம்வரை இருந்த டிஸ்கார்ட்தான் என் விருப்பம். அதற்கு மேல் பழையதில் நெயில் பாலிஷ் வாசனை வரும், மேலே கறுத்த தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் ஆல்கஹால் இருக்கிறது. அதை வடித்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்பார்கள். பயன்படுத்தலாம்தான், ஆனால் டார்ட்டில் பழத்தின் புளிப்போடு போட்டி போடுகிற கூர்மை வந்துவிடும். இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கோடு தெரிந்தாலோ பூஞ்சை படர்ந்திருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

மூக்கைத் துளைக்கும் வாசனைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலத்தின் ஒரு பங்கும் ஓவன் சூட்டில் பறந்துவிடும். லாக்டிக் அமிலம் பறக்காது. சுட்ட பேஸ்ட்ரியில் மிஞ்சுவது அதன் மெல்லிய, தயிரை ஒத்த புளிப்பு. வெண்ணெயின் கொழுப்பு நாக்கில் படியும்போது அதை வெட்டிவிடுவதற்கு அந்த அளவு போதும். இரண்டாவது துண்டு எடுக்கத் தோன்றுவதற்கு நான் அதைத்தான் குற்றம் சொல்வேன்.

இனி ஆப்பிள். எந்த ஆப்பிள் என்ற கேள்விக்குப் பலர் உற்சாகமாகத் தவறான பதில் சொல்வார்கள். கடித்துச் சாப்பிட நன்றாக இருக்கும் ஆப்பிள் எல்லாம் சுடுவதற்கு ஆகாது. சுடும்போது ஆப்பிள் கரைவதும் நிற்பதும் அதன் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைப் பொறுத்தது. மெக்கின்டாஷ் போன்றவை சூடு பட்டதும் கூழாகும். கிரானி ஸ்மித் உறுதியாக நிற்கும், புளிப்பும் தரும். பிரெஞ்சு வீடுகளில் டார்ட்டுக்கு அதிகம் போவது கோல்டன் டெலிஷியஸ். அது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த ரகம் என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. அவர்கள் பெருமையோடு சொல்வது ரெய்ன் தே ரெனெத், கால்வில் பிளான் திவெர் போன்ற பழைய ரகங்களை. அவை கிடைக்கிற இடத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மற்றவர்களுக்கு என் யோசனை, இரண்டு ரகத்தைக் கலப்பது. இனிப்பான, கொஞ்சம் மென்மையான ஒன்று. புளிப்பான, உறுதியான ஒன்று. வழக்கமான மாவில் செய்யும்போது நான் புளிப்பு ரகத்தை அதிகம் சேர்ப்பேன். டிஸ்கார்ட் மாவில் அந்த விகிதம் மாறிவிடுகிறது, இனிப்பு ரகம் மூன்றில் இரண்டு பங்கு. மாவிலேயே புளிப்பு இருப்பதால் பழத்திலும் புளிப்பை ஏற்றினால் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. டிஸ்கார்டைச் சேர்மானமாக நினைக்க வேண்டும் என்று முதலில் சொன்னேனே, அது இங்கேதான் உதவுகிறது. மாவை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் பழையபடி செய்வது பாதி வேலை.

தோலையும் நடுப்பகுதியையும் நீக்கி மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் சீவினால் போதும். சீவிய பழம் பழுப்பு நிறமாவதைத் தடுக்க எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்வார்கள். சுட்டபின் எப்படியும் பழுப்பாகப்போகும் பழத்துக்கு இந்த அலங்காரம் எதற்கு? நான் பிழிவதில்லை. சர்க்கரையில் ஊறவைப்பதும் இல்லை. ஊறவைத்தால் சாறு வெளியே வந்துவிடும், அதைத் தனியே சுண்டக் காய்ச்ச வேண்டியிருக்கும். தடிமனான அமெரிக்க 'ஆப்பிள் பை' பலகாரத்துக்கு அது தேவை. ஒரே அடுக்காகப் பரப்பும் இந்த டார்ட்டில் ஆவி போக இடம் நிறைய இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு லவங்கப்பட்டை இல்லாத ஆப்பிள் இனிப்பு இனிப்பே அல்ல. பிரான்ஸின் எளிய ஆப்பிள் டார்ட்டில் பெரும்பாலும் அது இருக்காது. அல்சாஸ் பக்கம் போனால் உண்டு. நான் வெனிலாவோடு நிறுத்திக்கொள்வேன். இந்தச் சண்டை தீரப்போவதில்லை. பாதி டார்ட்டில் தூவிப் பாதியை விட்டுவிடுவதாக ஓர் உடன்பாடு நடைமுறையில் இருக்கிறது.

இந்த வகை டார்ட்டைச் சொல்லும் 'ருஸ்தீக்' (நாட்டுப்புறப் பாணி) என்ற சொல்லைக் கேட்டதும் எப்படி வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டார்ட் அச்சு இல்லாமல், விரித்த மாவின் நடுவே பழத்தை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துவிடும் இந்த வடிவத்துக்குப் பின்னால் கச்சிதமான காரணங்கள் இருக்கின்றன. அச்சின் சுவர் இல்லாததால் ஓரத்துக்கு நேரடியாகச் சூடு கிடைக்கிறது. அடிப்பகுதி தட்டை ஒட்டி நேரே வேகிறது. மடிப்பு சாற்றை வெளியே ஓட விடாமல் தடுக்கிறது. வெறும் மாவை முன்கூட்டியே சுட்டு எடுக்கும் வேலையும் இல்லை. இன்னொரு பிரெஞ்சு ஆப்பிள் டார்ட்டுக்கு லாமோத்-பெவ்ரோன் ஊரில் ஹோட்டல் நடத்திய தாத்தென் சகோதரிகளின் பெயரும், அவசரத்தில் நேர்ந்த தவறிலிருந்து பிறந்தது என்ற கதையும் இருக்கின்றன. இந்த மடித்த டார்ட்டுக்கு அப்படி ஒரு கதை இல்லை. அச்சு கையில் இல்லாத யாருக்கும் தோன்றக்கூடியது என்பதால் யாரும் உரிமை கொண்டாடவில்லை போலும்.

மாவை பேக்கிங் பேப்பர் மேலேயே வைத்து 35 சென்டிமீட்டர் வட்டமாக விரிக்க வேண்டும், மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம். ஓரம் தாறுமாறாக இருந்தால் இருக்கட்டும், வெட்டிச் சீராக்க வேண்டாம். நடுவில் இரண்டு மேசைக்கரண்டி பாதாம் பொடியைத் தூவினால் சாற்றை அது உறிஞ்சிக்கொள்ளும். ஐந்து சென்டிமீட்டர் ஓரம் விட்டு ஆப்பிளை அடுக்கி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, சில துண்டு வெண்ணெய். ஓரத்தை மடிக்கும்போது விரிசல் விட்டால் மாவு மிகவும் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மடியுங்கள். மடித்தபின் மொத்தத்தையும் கால் மணி நேரம் மறுபடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். எல்லோரும் தவிர்க்கிற படி இது. தவிர்த்தால் மடிப்பு ஓவனில் விரிந்து சரிந்துவிடும்.

புளித்த மாவு நிறம் ஏறுவதில் மந்தமானது. சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாகும் வினையை 1912-இல் விவரித்தவர் லூயி-காமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அமிலச் சூழலில் அந்த வினை மெதுவாக நடக்கும். ஸ்டார்ட்டரில் இருந்த சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் தின்றிருக்கும். ஆகவே மடிப்பின் மேல் அடித்த முட்டையைத் தடவி, கொரகொரப்பான சர்க்கரையைத் தாராளமாகத் தூவுவது இந்த மாவுக்கு அலங்காரம் அல்ல, தேவை. ஓவன் 200 டிகிரி. கனமான தட்டு ஒன்றைக் கீழ்த்தட்டில் வைத்தே சூடாக்கி, அதன் மேல் டார்ட்டைப் பேப்பரோடு நழுவவிட்டால் அடிப்பகுதி ஈரமாக நிற்காது. 45 நிமிடம் முதல் 55 நிமிடம்வரை ஆகும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடாதீர்கள். பழுப்பு வரட்டும், மடிப்பின் உள்பக்கம்வரை. வெளிறிய பேஸ்ட்ரியில் வேகாத மாவின் ருசிதான் இருக்கும்.

டார்ட் வேகும் நேரத்தில் தோலுக்கும் நடுப்பகுதிக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். பெக்டின் அங்கேதான் செறிந்து கிடக்கிறது. 1825-இல் அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், நான்சி நகரத்து ஆன்ரி பிராகோனோ. தோலும் நடுப்பகுதியும் முழுகும் அளவு தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, விதைகளை நசுக்காமல் வடிகட்டி, அந்த நீரின் எடையில் பாதி சர்க்கரை சேர்த்துக் கரண்டியில் ஒட்டும் பதம்வரை சுண்டக் காய்ச்ச வேண்டும். தோல் சிவப்பாக இருந்தால் பாகு இளஞ்சிவப்பாக வரும். ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு பழத்தின் மேல் தூரிகையால் தடவினால் பளபளவென்று நிற்கும். கடைகளில் ஆப்ரிகாட் ஜாமைக் கரைத்துத் தடவுவார்கள். ஆப்பிளின் மேல் ஆப்பிளையே தடவுவது எனக்குப் பிடித்திருக்கிறது. சிக்கனம் என்று ஏதாவது இந்த வேலையில் இருக்கிறது என்றால் அது இந்தக் கிண்ணத்தில்தான்.

அரை மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாறு வழிந்து அடிப்பகுதி நனைந்துவிடும். கூடவே ஏதாவது வேண்டும் என்றால் ஐஸ்கிரீமைவிட, புளிக்கவைத்த பாலேடான கிரெம் ஃபிரெஷ் பொருத்தம். அதுவும் லாக்டிக் பாக்டீரியாக்களின் கைவேலைதான். மாவின் புளிப்போடு ஒத்துப்போகிறது. மறுநாள் மிஞ்சினால் மைக்ரோவேவ் பக்கம் கொண்டுபோகாதீர்கள், 180 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு ஏறக்குறைய திரும்பிவிடும்.

மாவை வட்டமாக விரித்தே பேக்கிங் பேப்பர்களுக்கு நடுவே ஃபிரீசரில் அடுக்கிவைக்கலாம், ஓரிரு மாதம் தாங்கும். ஆப்பிளுக்குப் பதிலாக பேரிக்காய் என்றால் அளவு எதையும் மாற்ற வேண்டாம். பிளம் என்றால் பாதாம் பொடியை இரட்டிப்பாக்கி, பழத்தின் வெட்டுப் பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். பீச் பழத்துக்கு மட்டும் இந்த மாவு எனக்கு ஒத்துவரவில்லை. அதன் மெல்லிய மணத்தை மாவின் புளிப்பு அமுக்கிவிடுகிறது. அதற்குப் பழைய பாத் பிரிஸேவே மேல்.